கையெழுத்துக்கு மேலே எட்டு வரி

எங்கள் கட்சி அலுவலகத்தில் முதலில் கையெழுத்து, அப்புறம்தான் தீர்மானம். கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. இரண்டாவது நாள் பழகிவிட்டது.

விஷயம் இதுதான். செயற்குழுவில் ஐம்பத்து மூன்று பேர். ஐம்பத்து மூன்று பேருக்கும் அவசரம். கூட்டத்துக்குள் நுழையும்போதே வாசல் மேஜையில் விரித்து வைத்திருக்கும் பெரிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தாளின் மேலே எட்டு வரி காலியாக இருக்கும். உள்ளே போய்ப் பேசி, கத்தி, டீ குடித்து, கலைந்து போன பிறகு அந்த எட்டு வரியில் நான் தீர்மானத்தை எழுதுவேன். கையால்தான் எழுத வேண்டும். எந்தக் காலத்திலோ டைப் அடித்த தாளை யாரோ மாற்றிவிட்டார்களாம். அன்றிலிருந்து தீர்மானம் என்றால் பேனா, மை, மனிதக் கை என்று விதி. ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்றிவிடக் கூடாது என்று அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவர்கள், ஒரு எழுத்துகூட இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை.

என் கையெழுத்து உருண்டையாக இருக்கும். ஒரு எழுத்து இன்னொன்றை இடிக்காது. வேறு திறமை ஏதும் கேட்காமல் அதற்காகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். எடுத்தபோது அப்பா பெயர் கேட்டார்கள், அப்பாவின் வேலையைக் கேட்கவில்லை. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை.

என் அப்பா அரசு நிவாரணக் கிடங்கில் லாரி டிரைவர்.

இனி ஊழலுக்கு வருகிறேன். வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்காக வந்த நான்காயிரம் போர்வைகளைக் காணவில்லை. எல்லோரும் தேடினார்கள். ஒரு நாள் பேப்பரில் படம் வந்தது. எங்கள் தலைவருடைய மருமகனின் கோழிப் பண்ணை. அரசு முத்திரை குத்திய சாம்பல் நிறப் போர்வைகள் வரிசையாக விரித்திருக்க, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுக் கோழிகள், வாடகை கொடுத்துத் தங்கியிருப்பவை போல நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. தலைவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பத்திரிகைக்காரர்களிடம், "அந்தக் கோழிங்களும் வெள்ளத்துல பாதிக்கப்பட்டதுதான்" என்றார். பண்ணை மலை மேல் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் எங்கே போனாலும் ஜனங்கள் கொக்கரித்தார்கள். சட்டசபையில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பேச எழுந்து, இரண்டு நிமிடம் கொக்கரித்துவிட்டு உட்கார்ந்தார். அவைக் குறிப்பில் அதை எப்படி எழுதுவது என்று அங்கே இருக்கும் என் தோழி என்னிடம் போன் போட்டுக் கேட்டாள்.

கிடங்கில் முதல் வேலையாக அப்பாவை சஸ்பெண்ட் செய்தார்கள். அவர்தான் லாரியை ஓட்டினார். யார் சொல்லி ஓட்டினார் என்று எவரும் கேட்கவில்லை. பதினாறு நாளாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார் என்பது தப்பு, துடைத்துக்கொண்டிருக்கிறார். ஸ்கூட்டரைத் துடைத்து, கதவைத் துடைத்து, ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, கடைசியில் அம்மா சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பைத் துடைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

செயற்குழு அவசரக் கூட்டம் நடந்த அன்று காலை, நான் செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"கிடங்கு ஆபீசர் போன் பண்ணாரு. உங்க கட்சி தீர்மானத்துல டிரைவர் மேல தப்புன்னு ஒரு வார்த்தை வந்துட்டா போதுமாம். திங்கட்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்."

"யாரு?"

"போலீஸ்தான். மாமனார் வீட்டுக்காரங்களா வருவாங்க?"

"நீ தப்பே பண்ணலியேப்பா."

"அத நான் சொன்னா யாரு கேக்குறா? நானும் சொல்றேன், அந்தக் கோழிங்களுக்குத்தான் தெரியும். அதுங்க வாயத் திறக்காது." கையிலிருந்த துணியால் என் செருப்பைத் துடைத்தார். "நீ எதுவும் பேசாத. உன் வேலையாவது இருக்கட்டும்."

பதினொரு மணிக்கு ஒவ்வொருவராக வந்து கையெழுத்துப் போட்டார்கள். முதலில் தலைவர். வழக்கம்போல அவர் கையெழுத்து மட்டும் மூன்று பேர் இடத்தை அடைத்தது. மொத்தம் ஐம்பத்து இரண்டு. ஒருவர் மட்டும் பல் பிடுங்கப் போயிருந்தார். கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டதெல்லாம் நாற்காலி நகரும் சத்தம்தான். வெளியே வந்தவர்களிடம் என்ன முடிவு என்று கேட்டேன். "நல்ல முடிவுதான்" என்றார் ஒருவர். இன்னொருவர், "ஐஞ்சு மணிக்கு வாசிப்பாங்கல்ல, அப்பத் தெரிஞ்சிடும்" என்றார். அவர் முடிவெடுத்தவர்களில் ஒருவர்.

தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போனேன். அறை என்றால் கூட்ட மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஆவண அறை. ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, கூரை வரைக்கும் கோப்புகள் அடுக்கிய இரும்பு அலமாரி. அதற்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற சந்து. மேஜையில் தாளை விரித்துப் பேனாவைத் திறந்ததும் கதவு திறந்தது.

மச்சான் வந்தார். தலைவருடைய மனைவியின் தம்பி. தலைவர் அவரை மச்சான் என்று கூப்பிட, கட்சி முழுக்க அவர் மச்சான் ஆகிவிட்டார். எழுபத்தைந்து வயது உறுப்பினர்கூட "வாங்க மச்சான்" என்பார். தலைவர் விழுந்தால் அடுத்தது தான்தான் என்று பதினாறு நாளாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவரிடம் மட்டும் சொல்லவில்லை.

"இன்னும் எழுதலல்ல? நல்லது. நான் சொல்றேன் எழுது. தலைவர் உடல்நலம் கருதி ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பதிலா ஒருமனதா என்னை."

"கூட்டத்துல அப்படித்தான் முடிவாச்சா சார்?"

"முடிவு ஆகுற மாதிரிதான் போய்ட்டிருந்துச்சு. நடுவுல டீ வந்துடுச்சு." குரலைத் தணித்தார். "கடைசியில ஒரு வரி சேத்துடு. போர்வை போனது டிரைவரோட தப்பு. அவன் யாரோ ஒருத்தன், என்ன ஆயிடப் போகுது?"

என் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. "டிரைவர் அவரா கொண்டு போனாரா சார்?"

"நீ வேற. நான்தானே இறக்குறதுக்கு ஆறு ஆளு அனுப்பினேன். அத விடு, எழுது."

இதைச் சாதாரணமாகச் சொன்னார். அங்கே என்னை யாரும் ஒரு ஆளாக நினைப்பதில்லை. பேனாவின் முன்னால் யாராவது குரலைத் தாழ்த்துவார்களா?

கதவு தட்டும் சத்தம் கேட்டது. மச்சான் அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றுகொண்டார். ஆள் மறைந்தார். வெள்ளை ஷூ மறையவில்லை.

டாக்டர் உள்ளே வந்தார். கால்நடை டாக்டர். கட்சியில் படித்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கும் தலைவர் ஆசை. உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"எவ்வளவு இடம் இருக்கு?"

"எட்டு வரி சார்."

"போதும். கட்சிக்குக் களங்கமில்லாத, படித்த ஒருவர் தேவை. பேர் என் பேர். படிப்பையெல்லாம் போட்டுடும்மா, எதையும் சுருக்காத."

அவருடைய பட்டங்களை எழுத மட்டும் மூன்று வரி வேண்டும் என்றேன்.

"பரவால்ல. மச்சானப் பத்தி ஒரு வரி வைக்கலாம்னு இருந்தேன், அத எடுத்துடு. மூளை இருக்க வேண்டிய எடத்துல அவனுக்குக் கையெழுத்துதான் இருக்கு."

அலமாரிப் பக்கம் ஒரு கோப்பு கீழே விழுந்தது. டாக்டர் திரும்பி, வெள்ளை ஷூவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, இன்னும் சத்தமாகப் பேசினார்.

"அப்புறம் அந்த டிரைவர். தப்பு அவன் மேலன்னு தெளிவா வரணும். ஏன்னா நானே அந்த மாசம் ரெண்டு தடவை கோழிக்கு ஊசி போடப் போனேன். போர்வையெல்லாம் பாத்தேன். நாளைக்கு யாராச்சும் ஏன் சொல்லலன்னு கேட்டா?"

"ஏன் சார் சொல்லல?"

"கோழிங்க நல்லா இருந்துச்சும்மா. ஒரு டாக்டரா எனக்கு அதுதான் முக்கியம்."

அவர் போனதும் மச்சான் தூசியோடு வெளியே வந்தார். "அவன் சொன்னத எழுதாத" என்றார். சரி என்றேன். தும்மிக்கொண்டே போனார்.

அடுத்து அக்கா. மகளிர் அணித் தலைவி. அறுபது தாண்டியவர், எண்பது தாண்டியவர்களுக்கும் அக்கா. அவர் கதவைத் தட்டுவதில்லை, ஒளிவதும் இல்லை. நேராக வந்து மேஜையின் மேல் கைப்பையை வைத்தார்.

"அந்த ரெண்டு லூசும் வந்துட்டுப் போச்சா?"

"ஆமாக்கா."

"வரட்டும். நீ நல்ல பொண்ணு. ஒரு பொம்பளை கைக்கு இந்தக் கட்சி வரணுமா வேணாமா?"

"வரணும்க்கா."

"அவ்வளவுதான். என் பேர எழுது. அந்த டிரைவர் விஷயத்தையும் சேத்துக்க. அவனுக்குக் குடும்பம் இருக்கும், பாவம்தான். ஆனா யாராவது ஒருத்தர் மாட்டித்தானே ஆகணும்? நாம மாட்ட முடியுமா?"

"நாம ஏன்க்கா மாட்டணும்?"

"போர்வையில ஒட்டியிருந்த சீட்டெல்லாம் கிழிச்சுப் போடச் சொன்னதே நான்தானடி. அதுங்க முத்திரையை விட்டுட்டுச் சீட்ட மட்டும் கிழிச்சிருக்குதுங்க. நாலாயிரம் சீட்டு. ஒரு முத்திரை கண்ணுல படல பாரு." பெருமூச்சு விட்டார். "வேலைக்கு ஆள் கிடைக்குறதே கஷ்டம்."

என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது.

நாலரைக்குத் தலைவரே வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. கதவை மூடிவிட்டு நின்றார். உயரமான ஆள், பதினாறு நாளில் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தார்.

"மூணு பேரும் வந்தாங்களா?"

மேஜையில் தாளை நேராக்கினேன்.

"வந்திருப்பாங்க. நீ எழுது. தலைவர் மீது முழு நம்பிக்கை. என் பட்டப் பேரெல்லாம் போட்டு."

"பட்டப் பேருக்கே அஞ்சு வரி ஆகும் ஐயா. மீதி மூணு வரிதான்."

"மூணு வரி போதும். முழு நம்பிக்கை ஒரு வரி. டிரைவர் தப்பு ஒரு வரி. நன்றி ஒரு வரி." நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் தேய்த்தார். "மாப்பிள்ளை போன் பண்ணான். கோழி குளிர்ல நடுங்குது மாமான்னான். பொண்ணு பக்கத்துல நின்னு அழறா. நான் என்ன பண்றது? ஒரு லோடு அங்க இறக்குங்கன்னு சொன்னேன். ஒரே ஒரு லோடு."

"அப்ப டிரைவருக்கு எதுவும் தெரியாதா ஐயா?"

"அவனுக்கு என்ன தெரியும்? இறக்குன்னா இறக்குவான்." எழுந்தார். "நல்லா எழுதும்மா. அழகா இருக்கணும். டிவியில கிட்டக்கக் காட்டுவாங்க."

கதவு மூடியது. நான்கு பேருக்கும் நான்கு விதத் தீர்மானம். நான்கிலும் பொதுவாக இருந்தது ஒரே வரி, என் அப்பா. ஒரு கூட்டத்தில் இவர்கள் உண்மையிலேயே ஒருமனதாக எடுத்த முடிவு அது ஒன்றுதான் போலிருக்கிறது.

தாளைப் பார்த்தேன். முதலில் தலைவரின் பெரிய கையெழுத்து. அடுத்த வரிசையில் மச்சான், டாக்டர், அக்கா. அவர்களுக்குக் கீழே எல்லோரும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒன்றரை வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன், ஒரு நாளும் தோன்றவில்லை. மேலே நான் எதை எழுதினாலும் இந்த ஐம்பத்து இரண்டு பேரும் ஏற்கெனவே அதை ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

தண்ணீர் குடித்தேன். பேனாவைப் பிடித்தால் விரல் வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அப்பா சொன்னது ஞாபகம் வந்தது, உன் வேலையாவது இருக்கட்டும். மணி நாலு நாற்பது. வெளியே கேமராக்காரர்கள் ஒருவரையொருவர் தள்ளும் சத்தம்.

எழுதினேன். புதிதாக எதையும் சேர்க்கவில்லை. அந்த அறையில் என்னிடம் சொன்னதை மட்டும் எழுதினேன். எட்டு வரி, உருண்டை எழுத்து, ஒரு அடித்தல் இல்லை.

எங்கள் அலுவலகச் செயலாளரை ரேடியோ என்று கூப்பிடுவோம். குரல் அப்படி. தீர்மானத்தை முன்கூட்டிப் படித்துப் பார்க்க மாட்டார். முதல் தடவையே ஏற்ற இறக்கத்தோடு வாசிப்பதில் அவருக்கு ஒரு கௌரவம். வாசிக்கும்போது அர்த்தம் அவர் காதுக்குள் போகாது, குரல் மட்டும்தான் போகும். ஐந்து மணிக்கு வாசல் படியில் நின்று தாளைப் பிரித்தார். பின்னால் நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். நான்கு பேர் முகத்திலும் அடக்கமான புன்னகை. நான்கு பேரும் ஆளுக்கொரு தடவை என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள்.

"இதில் கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் அறிவிப்பது," என்று ரேடியோ ஆரம்பித்தார். "நான்காயிரம் நிவாரணப் போர்வைகள் கோழிப் பண்ணைக்குப் போனது தலைவர் அவர்களின் உத்தரவுப்படி." அவர்களின் என்ற இடத்தில் குரலை அழகாக உயர்த்தினார். "இறக்குவதற்கு ஆறு ஆட்களை அனுப்பியவரும், ஊசி போடப் போனபோது போர்வைகளைப் பார்த்தவரும், சீட்டுகளைக் கிழிக்கச் சொன்னவரும் கீழே கையெழுத்திட்டிருக்கிறார்கள். லாரி டிரைவர் மீது எந்தத் தவறும் இல்லை. அவர் இறக்கச் சொன்ன இடத்தில் இறக்கினார். இது செயற்குழுவின் ஒருமனதான தீர்மானம்."

வாசித்து முடித்துக் கைதட்டலுக்காக ஒரு விநாடி நிறுத்தினார். அது அவர் வழக்கம். யாரும் தட்டவில்லை. அப்போதுதான் அவருக்கு அர்த்தம் போய்ச் சேர்ந்தது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"நான் இப்படிச் சொல்லவே இல்ல" என்றார் தலைவர்.

"உங்க கையெழுத்துதாங்க முதல்ல இருக்கு" என்றார் ஒரு நிருபர்.

"அது அப்பவே போட்டது."

"எப்பவே?"

தீர்மானம் எழுதும் முன்பே கையெழுத்துப் போட்டோம் என்று தலைவர் சொல்லலாம். சொன்னால் இத்தனை வருடத் தீர்மானம் எல்லாம் அப்படித்தானா என்று அடுத்த கேள்வி வரும். அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்த தீர்மானமும் அதில் சேர்ந்துவிடும். மச்சானைப் பொருளாளர் ஆக்கியதும், டாக்டரை வாரியத் தலைவர் ஆக்கியதும் அதே மாதிரித் தாளில்தான். அந்தக் கணக்கு நான்கு பேர் மண்டையிலும் ஒரே நேரத்தில் ஓடுவதை நான் நின்று பார்த்தேன்.

"அந்த ஊசி போட்டவர் யாருங்க?" என்றார் இன்னொரு நிருபர்.

"டாக்டர்தான்" என்றார் மச்சான்.

"ஆறு ஆள் அனுப்பினது இவரு" என்றார் டாக்டர்.

"ரெண்டு பேரும் உண்மையத்தான் சொல்றாங்க" என்றார் அக்கா. இருவரும் சேர்ந்து அக்காவைக் கைகாட்டினார்கள்.

இரவு எட்டு மணிச் செய்திக்கு முன் தலைவர் ராஜினாமா செய்தார். அடுத்தது யார் என்று தேடினால், தாளில் கையெழுத்து இல்லாதவர் செயற்குழுவில் ஒரே ஒருவர்தான். பல் பிடுங்கப் போனவர். வாயில் பஞ்சு வைத்திருந்ததால் அன்றிரவு அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பத்திரிகைகள் அவரை நிதானமானவர் என்று எழுதின. மறுநாள் காலை அவர் தலைவர்.

பஞ்சை எடுத்ததும் முதலில் என்னைக் கூப்பிட்டார்.

"உன் கையெழுத்து ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார், ஒரு பக்கக் கன்னத்தால். "அதான் எனக்குப் பயமா இருக்கு."

"வேலைக்கு வரட்டுமா ஐயா?"

"வேணாம்."

திங்கட்கிழமை வீட்டுக்குப் போலீஸ் வரவில்லை. போன்தான் வந்தது. அப்பாவை உடனே கிடங்குக்கு வரச் சொன்னார்கள். எனக்கு வேறு வேலை இல்லாததால் நானும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். பாதி வழியில் அப்பா கேட்டார்.

"நீதானே எழுதுன?"

"ஆமாப்பா."

"வேலை?"

"போச்சு."

ஒரு சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அது இரண்டு தடவை குலுங்கியது. பிறகு தொண்டையைச் செருமினார்.

"வெறும் டிரைவர்னு எழுதியிருந்த. டிவியில பாத்தேன். இருபத்தேழு வருஷ சர்வீஸ்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம்."

"இடம் இல்லப்பா."

"எட்டு வரின்னு சொன்னாங்க."

"இருந்த இடத்துல எழுதினேன்ப்பா. நீ முதல்ல வண்டிய எடு, திட்டுறாங்க."

கிடங்கில் அவருடைய லாரி சுவரோரமாக நின்றது. சஸ்பெண்ட் செய்த அதே ஆபீசர் சாவியைக் கொண்டுவந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். அப்பா ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, சாவியைத் திருப்பினார். டக் என்றது, அவ்வளவுதான். இவ்வளவு நாளாக நின்றதில் பேட்டரி படுத்துவிட்டது.

"தள்ளுனாத்தான் போகும்" என்றார் அப்பா, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து. குரலில் ஒரு புது அதிகாரம் இருந்தது. "ஆபீசர் சார், நீங்க இடது பக்கம். நம்ம பொண்ணு வலது பக்கம்."

ஆபீசர் கையிலிருந்த கோப்பைக் கீழே வைத்தார். இன்னும் ஏழெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். நான் என் பங்குக்கு இரண்டு கையையும் பின்பலகையில் ஊன்றித் தள்ளினேன்.